கியர் லீவர் ஆடுகிறதா? கியர்பாக்ஸைப் பிரிப்பதற்கு முன் படியுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் கியர் லீவர் தொளதொளவென்று ஆடினால், சுற்றியிருப்பவர்கள் சொல்லும் முதல் வார்த்தை "கியர்பாக்ஸ் போச்சு" என்பதுதான். அடுத்து வரும் யோசனை, "ஷார்ட் ஷிஃப்டர் போடுங்க, டைட்டாயிடும்." இரண்டுமே பெரும்பாலும் தவறு. முதல் பேச்சை நம்பியவர்கள் நன்றாக இருக்கும் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துவிடுகிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் கை நகரும் தூரத்தைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டர் என்ற புது லீவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, பழைய ஆட்டத்தை அப்படியே வைத்து ஓட்டுகிறார்கள். உண்மையான காரணம் பல சமயம் விரல் நுனியில் நிற்கும் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு.

ஆட்டம் எங்கே பிறக்கிறது, கைக்கு வரும்போது ஏன் பெரிதாகிறது, எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்வது என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம். உதாரணத்துக்கு இரண்டு கார்கள். ஒன்று, 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, அதன் முதல் தலைமுறை. இன்னொன்று, காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட பழைய போர்ஷே 911, குறிப்பாக 1970-களிலும் 80-களின் முற்பாதியிலும் வந்தவை. இந்த இரண்டின் அமைப்பும் புரிந்துவிட்டால் மற்றப் பழைய கார்களில் பெரும்பாலானவை புரிந்துவிடும்.

கத்தரிக்கோலில் தொடங்கலாம்

வீட்டில் ஒரு பழைய கத்தரிக்கோல் இருக்கும். துணியை வெட்டாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடித்து மென்றுவிடும். "முனை மழுங்கிப்போச்சு" என்று சாணை பிடிக்கக் கொடுப்போம். ஆனால் அனுபவமுள்ள தையல்காரர் அலகைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நடுவில் இருக்கும் திருகை ஒரு சுற்று முடுக்கித் தருவார். உடனே வெட்டும். அலகு நன்றாகத்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் மூட்டு தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கியர் லீவரின் கதையும் இதுதான். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பற்சக்கரங்கள் கெட்டியான எஃகு. எண்ணெயில் மூழ்கிக் கிடப்பவை. பல பத்தாண்டுகள் தாங்கும். உங்கள் கையின் அசைவை அவற்றிடம் கொண்டுபோகும் மூட்டுகள்தான் முதலில் தேயும்.

லீவருக்குக் கீழே என்ன இருக்கிறது

இன்றைய கையால் மாற்றும் கியர்பாக்ஸ்களில், முன்னோக்கிப் போகும் எல்லா கியர்களின் சக்கரங்களும் எப்போதும் ஒன்றோடொன்று பற்கள் கோத்தபடியேதான் சுழல்கின்றன. நாம் கியர் மாற்றும்போது சக்கரங்களை நகர்த்துவதில்லை. ஒரு வளையத்தைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி, எந்தச் சக்கரம் தண்டோடு பூட்டிக்கொள்ள வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறோம். அந்த வளையத்தை நகர்த்தும் கம்பிக்கு செலக்டர் தண்டு என்று பெயர். பூட்டுவதற்கு முன் சக்கரத்தின் வேகத்தையும் தண்டின் வேகத்தையும் சமமாக்கும் உராய்வு வளையத்துக்கு சிங்க்ரோ என்று பெயர். உள்ளே நடப்பதில் இவ்வளவு தெரிந்தால் போதும்.

வெளியே நம் கையில் இருப்பது ஒரு நெம்புகோல். கீழ்ப்பகுதியில் ஒரு உலோகப் பந்து ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். லீவர் அதைச் சுற்றித்தான் திரும்புகிறது. இதைப் பந்து மூட்டு என்று வைத்துக்கொள்வோம். பந்துக்கு மேலே நீளமான பகுதி, நம் கை பிடிப்பது. பந்துக்குக் கீழே குட்டையான பகுதி, செலக்டர் தண்டைத் தள்ளுவது.

இரண்டு உலோகத் துண்டுகள் சந்திக்கும் ஒவ்வொரு மூட்டிலும் நடுவே ஒரு மெத்தை வைத்திருப்பார்கள். நைலான், ரப்பர் அல்லது வெண்கலத்தில் செய்த சின்ன உறை. இதற்குப் பெயர் புஷ். உலோகம் உலோகத்தோடு உரசிச் சத்தம் போடாமல் இருக்கவும், எஞ்சினின் அதிர்வு கைக்கு வராமல் இருக்கவும், தேய வேண்டியது விலை குறைந்த பொருளாகத் தேயட்டும் என்பதற்காகவும் அதை வைக்கிறார்கள். தேய்வதற்கென்றே செய்த பாகம் அது. 30 வருடச் சூட்டிலும் எண்ணெயிலும் நைலான் காய்ந்து விரிசல் விடும், ரப்பர் கல்லாகும். வண்டி அதிகம் ஓடாமல் ஷெட்டில் நின்றிருந்தாலும் இது நடக்கும். "ஓட்டமே கம்மி, அதனால புஷ் நல்லாத்தான் இருக்கும்" என்ற வாதம் அதனால்தான் எடுபடாது.

அரை மில்லிமீட்டர் எப்படிப் பெரிதாகிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது.

லீவரின் மேல்பகுதி கீழ்ப்பகுதியைப் போல 5 மடங்கு நீளம் என்று வைத்துக்கொள்வோம். கீழ் முனையில் உள்ள புஷ் அரை மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது. அரை மில்லிமீட்டர் என்பது கண்ணால் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் கைப்பிடியில் அது இரண்டரை மில்லிமீட்டர். வழியில் இப்படி மூன்று மூட்டுகள் இருந்து, ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் தேய்மானம் இருந்தால், எல்லாம் கூடி ஒன்றரை. அதை 5 மடங்காக்கினால் கைப்பிடியில் ஏழரை மில்லிமீட்டர் வெற்று அசைவு. லீவரை அவ்வளவு தூரம் தள்ளிய பிறகுதான் உள்ளே ஏதாவது நகரத் தொடங்கும். முன்பின் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் இதே கதைதான். அதனால்தான் மூன்றாவது கியரைத் தேடும் கை ஐந்தாவதில் போய் நிற்கிறது.

இன்னொரு பக்க விளைவும் உண்டு. பலரும் இதைக் கவனிப்பதில்லை. லீவரை அதன் கடைசி வரை தள்ளிவிட்டோம் என்று கை நினைக்கிறது. ஆனால் வழியில் உள்ள ஆட்டம் ஒரு பங்கைத் தின்றுவிட்டதால், உள்ளே பூட்டு வளையம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. பூட்டும் பற்கள் பாதி அளவே கோத்துக்கொண்டு சுமையைத் தாங்குகின்றன. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் அவற்றின் விளிம்பு வட்டமாகத் தேய்ந்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் கியர் தானாக வெளியே துள்ளத் தொடங்கும். அப்போது நிஜமாகவே கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டி வரும். சின்ன புஷ்ஷை அலட்சியம் செய்யக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: லீவர் ஒரு நெம்புகோல், மூட்டுகளில் உள்ள புஷ்கள் தேய்கின்றன, அந்தத் தேய்மானம் ஒன்றோடொன்று கூடி, நெம்புகோலால் பெருகிக் கைக்கு வருகிறது.

எதெல்லாம் இந்த ஆட்டம் இல்லை

நியூட்ரலில் லீவர் இடவலமாகத் தாராளமாக அசைவது பழுது இல்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆட்டத்தைச் சோதிக்க வேண்டுமானால் எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு கியரில் போட்டுவிட்டு, கைப்பிடியை இரண்டு விரலால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் எவ்வளவு தூரம் போகிறதோ அதுதான் ஆட்டம். அதற்கும் முன்னால் கைப்பிடியின் குமிழைத் திருகிப் பாருங்கள். குமிழ் மட்டும் மரை கழன்று ஆடுவதும் உண்டு.

கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தால் சிங்க்ரோவையோ, முழுதாக விடுபடாத கிளட்ச்சையோ சந்தேகிக்க வேண்டும். புஷ் மாற்றி அது போகாது.

ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போதெல்லாம் லீவர் தானாக முன்னும் பின்னும் ஆடினால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகள் தளர்ந்திருக்கலாம். லீவர் கியர்பாக்ஸின் மேலேயே நிற்கும் கார்களில் எஞ்சின் அசைந்தால் லீவரும் சேர்ந்து அசையும். எம்எக்ஸ்-5-ல் கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைத்துப் பிடித்திருப்பதால் இந்த அசைவு குறைவு. 911-ல் லீவர் தரையோடு பொருத்தப்பட்டிருக்கிறது. அங்கே மவுண்டிங் தளர்ந்தால் லீவர் ஆடாது. கியர்பாக்ஸ்தான் தன் இடத்திலிருந்து விலகும். அதனால் நின்ற இடத்தில் சுலபமாக விழும் கியர், வேகமெடுக்கும்போது விழ மறுக்கும்.

எந்த மூட்டு என்று கண்டுபிடிப்பது

பாகம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. இரண்டு பேர் வேண்டும். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்திருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது.

ஒருவர் லீவரை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கட்டும். மற்றவர் இணைப்பின் வழியே ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டே போகட்டும். நல்ல மூட்டில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நகரும். தேய்ந்த மூட்டில் லீவர் பக்கம் முதலில் நகர்ந்து, ஒரு நொடி தாமதித்து மறுபக்கம் நகரும். விரலை இரண்டு பக்கமும் சேர்த்து மூட்டின் மேல் வைத்தால் கண்ணைவிட விரலே சீக்கிரம் சொல்லிவிடும். முன்பின் அசைத்து முடித்ததும் பக்கவாட்டிலும் இதையே செய்ய வேண்டும். ஒரு திசையில் கெட்டியாக இருக்கும் புஷ் மறு திசையில் தேய்ந்திருக்கலாம்.

எம்எக்ஸ்-5: லீவர் நேராக கியர்பாக்ஸ் மேல்

இந்தக் காரில் எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் அதன் பின்னால், லீவர் நேராக அதன் மேல். நடுவே நீண்ட தண்டு எதுவும் கிடையாது. இதன் கியர் மாற்றம் இவ்வளவு பேர் வாங்கியதற்கு அந்த நேரடித் தொடர்பே பெரிய காரணம். தேயக்கூடிய பாகங்களும் குறைவு: லீவரின் அடிமுனையில் தொப்பி மாதிரி மாட்டியிருக்கும் நைலான் புஷ், பந்தை அதன் கிண்ணத்தில் தளராமல் வைத்திருக்கும் அலை வடிவ வாஷர், தூசியும் சூடும் மேலே வராமல் தடுக்கும் இரண்டு ரப்பர் உறைகள்.

லீவரின் அடிப்பகுதி ஒரு சின்னக் குழிக்குள் எண்ணெயில் நிற்கிறது. இந்த எண்ணெய் கியர்பாக்ஸின் பிரதான எண்ணெயிலிருந்து தனியானது. கியர்பாக்ஸ் ஆயிலை எத்தனை முறை மாற்றினாலும் இந்தக் குழியில் உள்ளது மாறாது. உள்ரப்பர் கிழிந்திருந்தால் குழி வறண்டுபோகும், அல்லது கறுத்த சேறாகிவிடும். லீவர் ஆடுவதோடு, உள்ளே சூடும் கியர் சத்தமும் அதிகம் வருவதாகத் தெரிந்தால் அந்த ரப்பரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேலை எளிது. வண்டி ஆறியிருக்க வேண்டும். லீவரை நியூட்ரலில் வையுங்கள். குமிழைத் திருகிக் கழற்றி, நடு கன்சோலை எடுத்தால் வெளிரப்பர் தெரியும். அதன் போல்ட்டுகளைக் கழற்றியதும் கீழே உள்ரப்பரும் அதைப் பிடித்திருக்கும் தட்டும் வரும். அந்தத் தட்டின் போல்ட்டுகளை எடுத்துவிட்டால் லீவர் அப்படியே மேலே வந்துவிடும். 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று இருந்தால் பெரும்பகுதி முடிந்துவிடும்.

லீவரை வெளியே எடுத்ததும் அதன் அடிமுனையைப் பாருங்கள். நைலான் புஷ் அதில் இல்லையென்றால் குழிக்குள்ளேயே கிடக்கும், அல்லது உடைந்து துண்டுகளாகியிருக்கும். எல்லாத் துண்டுகளையும் எண்ணி வெளியே எடுங்கள். பழைய எண்ணெயை ஒரு பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். வேலைக்கு நடுவே எழுந்து போவதாக இருந்தால் திறந்த குழியைச் சுத்தமான துணியால் மூடிவிட்டுப் போங்கள். ஒரு போல்ட் உள்ளே விழுந்தால் அரை நாள் வேலை பல நாள் வேலையாகிவிடும்.

புது புஷ்ஷையும் வாஷரையும் மாட்டி, 75 டபிள்யூ 90 வகை கியர் ஆயிலைக் குழியில் ஊற்ற வேண்டும். தேவைப்படுவது 100 மில்லிக்கும் குறைவு. விளிம்புவரை நிரப்பினால் லீவரை இறக்கும்போது வழிந்துவிடும். உள்ரப்பர் கிழிந்திருந்தால் அதையும் கண்டிப்பாக மாற்றுங்கள். அதை விட்டுவிட்டு புஷ்ஷை மட்டும் மாற்றினால் ஆட்டம் போகும், ஆனால் அழுக்கும் சூடும் மறுபடி அதே வழியில்தான் வரும்.

911: நீண்ட தண்டு, நடுவில் ஒரு இணைப்பு

911-ல் எஞ்சின் பின்பக்க அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. கியர்பாக்ஸ் அதற்கு முன்னால். லீவரோ ஓட்டுபவரின் பக்கத்தில். ஆகவே காரின் நடுவே உள்ள சுரங்கம் போன்ற மேட்டுக்குள் ஒரு நீண்ட தண்டு ஓடுகிறது. லீவரை முன்பின் அசைத்தால் தண்டு நீளவாக்கில் நகரும். இடவலமாக அசைத்தால் தண்டு தன் அச்சில் சுழலும். கியர்பாக்ஸ் அந்த இரண்டு அசைவுகளையும் வாங்கி, எந்த வரிசை, எந்த கியர் என்று புரிந்துகொள்கிறது.

எம்எக்ஸ்-5-ஐவிட இங்கே மூட்டுகள் அதிகம். லீவரின் அடிமுனை தண்டில் உட்காரும் இடத்தில் ஒரு கிண்ண புஷ். தண்டைத் தாங்கி வழிநடத்தும் இடத்தில் ஒரு புஷ். தண்டு கியர்பாக்ஸோடு சேரும் இடத்தில் கப்ளர் எனப்படும் இணைப்பு. அதற்குள் இரண்டு புஷ்கள். இந்தக் கப்ளர் புஷ்கள்தான் பெரும்பாலும் முதல் குற்றவாளி. பழைய பிளாஸ்டிக் காய்ந்து தூள்தூளாக உதிர்ந்து, கப்ளருக்குள் வெறும் உலோகம் தடதடக்கும் நிலைக்குப் போயிருக்கும்.

நல்ல விஷயம், இதற்காக வண்டிக்கு அடியில் போக வேண்டியதில்லை. பின் இருக்கைகளுக்கு நடுவே, மேட்டின் மேல் கம்பளத்தை விலக்கினால் ஒரு சின்ன மூடி இருக்கும். திருகுகளைக் கழற்றினால் கப்ளர் கண்ணெதிரே இருக்கும்.

கை வைப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தண்டும் கப்ளரும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு அடையாளம் வையுங்கள். கப்ளர் தண்டை ஒரு கிளாம்ப்பால் கவ்விப் பிடித்திருக்கிறது. அதைத் தளர்த்தினால் தண்டு எந்தக் கோணத்துக்கும் திரும்பும், முன்பின்னாகவும் நகரும். அடையாளம் இல்லாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி தெரியாமல் நிற்பீர்கள்.

கப்ளரைக் கழற்றி, பழைய புஷ்களை எடுத்து, புதியவற்றை அழுத்திப் பொருத்தி, அடையாளத்துக்குச் சரியாக மாட்டுங்கள். புது புஷ் வந்ததும் பழைய அளவு சில சமயம் கொஞ்சம் மாற வேண்டியிருக்கும். அப்போது இதை நினைவில் வையுங்கள்: தண்டின் சுழற்சிக் கோணம் தவறினால் வரிசை தவறும், இடது பக்க கியர்கள் நன்றாக விழும், வலது பக்கத்தவை முரண்டு பிடிக்கும், அல்லது தலைகீழாக. தண்டின் நீளவாக்கு நிலை தவறினால் முன்னால் தள்ளும் கியர்கள் முழுதாக விழும், பின்னால் இழுப்பவை அரைகுறையாக நிற்கும். எந்தப் பக்கம் சிக்கல் என்று கவனித்தாலே எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும், எஞ்சின் அணைந்த நிலையில் ரிவர்ஸ் உட்பட எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். துல்லியமான அமைப்பு முறை உங்கள் வருடத்து மாடலின் பணிமனைக் கையேட்டில் இருக்கும். அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

1984-ல் வந்த டொயோட்டா எம்ஆர்2 போல எஞ்சின் நடுவில் இருக்கும் பல கார்களில் தண்டுக்குப் பதில் இரண்டு கேபிள்கள். ஒன்று முன்பின் அசைவுக்கு, மற்றொன்று பக்கவாட்டுக்கு. அங்கே கேபிள் முனைகளில் உள்ள புஷ்களைப் பாருங்கள். தத்துவம் மாறவில்லை.

இரண்டு அமைப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்: நேரடி லீவரில் மூட்டு குறைவு, எண்ணெயும் ரப்பரும் முக்கியம். தண்டு வழி லீவரில் மூட்டு அதிகம், புஷ் மாற்றிய பின் அமைப்பைச் சரிபார்ப்பது முக்கியம்.

ஷார்ட் ஷிஃப்டர் ஏன் ஆட்டத்தைத் தீர்க்காது

ஷார்ட் ஷிஃப்டர் என்பது பந்தின் இடத்தை மேலே தூக்கி, நெம்புகோலின் விகிதத்தை மாற்றிய லீவர். கை நகரும் தூரம் குறையும். முன்பு போட்ட கணக்கை மறுபடி எடுத்துக்கொள்வோம். உள்ளே செலக்டர் தண்டு 10 மில்லிமீட்டர் நகர வேண்டும், மூட்டுகளில் ஒன்றரை மில்லிமீட்டர் தேய்மானம். 5 மடங்கு லீவரில் கை 50 மில்லிமீட்டர் நகர வேண்டும், ஆட்டம் ஏழரை. அதையே 4 மடங்கு லீவராக்கினால் கை நகர வேண்டியது 40, ஆட்டம் 6. இரண்டிலும் ஆட்டம் நூற்றுக்கு 15 பங்குதான். கைக்கு அதே தெளிவின்மை இருக்கும். நெம்புகோலின் உதவி குறைந்துவிட்டதால் தள்ளுவதற்கு அதிக பலமும் வேண்டும். அந்தப் பலம் சிங்க்ரோவின் மேல்தான் போய் விழும். புஷ்களைச் சரிசெய்த பிறகும் தூரம் அதிகம் என்று தோன்றினால் அப்போது ஷார்ட் ஷிஃப்டரைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் வாங்குவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

பிளாஸ்டிக்குக்குப் பதில் வெண்கல புஷ்கள் கிடைக்கின்றன. அவை கிட்டத்தட்ட தேயாது, லீவர் கல் மாதிரி நிற்கும். ஆனால் கியர்பாக்ஸின் சத்தமும் அதிர்வும் தடையின்றி உள்ளே வரும். பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்கு அது பொருட்டில்லை. சாலையில் ஓட்டுபவருக்குத் தொழிற்சாலையில் வைத்த மாதிரியான புது நைலான் புஷ்ஷே போதும். பழையது 30 வருடம் தாங்கியிருக்கிறது.

எல்லாம் மாற்றியும் ஆடினால்

முதலில் மாட்டிய வரிசையைச் சரிபாருங்கள். எம்எக்ஸ்-5-ல் அலை வாஷரை மாட்ட மறந்தால் ஆட்டம் அப்படியே இருக்கும். 911-ல் கிளாம்ப் சரியாக இறுகாவிட்டால் தண்டு மெல்ல நழுவி, முதல் நாள் சரியாக இருந்தது அடுத்த வாரம் தடம் மாறும். கப்ளர் புஷ்ஷை மாற்றிவிட்டு லீவர் அடியில் உள்ள கிண்ண புஷ்ஷை விட்டுவிட்டவர்களுக்குப் பாதி ஆட்டம்தான் போயிருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் போகாவிட்டால், வெளி இணைப்பைப் பிரித்துவிட்டு, கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டை ஒரு கியரில் வைத்துக் கையால் பிடித்து நேரடியாக அசைத்துப் பாருங்கள். எம்எக்ஸ்-5-ல் லீவரை எடுத்த குழிக்குள்ளேயே அந்தத் தண்டின் முனையை எட்டலாம். அது கெட்டியாக நின்றால் தேய்மானம் இன்னும் வெளியேதான் இருக்கிறது, மறுபடி மூட்டு மூட்டாகத் தேடலாம். அந்தத் தண்டே தளர்ந்து ஆடினால், அல்லது ஓடும்போது கியர் தானாக வெளியே வந்தால், தேய்மானம் உள்ளே இருக்கிறது. அந்த வேலையை கியர்பாக்ஸ் பிரித்துப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள். வெளியே எந்தெந்த மூட்டைப் பார்த்தாயிற்று, எதை மாற்றியாயிற்று என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் மறுபடி அதே இடங்களில் தேட மாட்டார். உங்களுக்கும் அந்த நேரத்துக்கான கூலி மிச்சம்.